சாம்பல் பூத்த பம்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா ஓட்டிய 1990-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா இப்போது என்னிடம் இருக்கிறது. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து அதன் பம்பரைக் கறுப்பாக்கினேன். நான்காவது சனிக்கிழமை கீழ்வீட்டு அக்கா தன் கஞ்சில் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திவிட்டு, "தம்பி, இதையும் கொஞ்சம் பாரேன்" என்றார். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. லிப்டில் கேட்கிறார்கள், சாப்பாட்டுக் கடையில் கேட்கிறார்கள், தண்ணீர்மலைக் கோயில் படியில்கூட ஒருவர் கேட்டார். எல்லாம் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிவைத்துவிட்டேன்.

நான் மெக்கானிக் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் பிரிவில் வேலை. காரைப் பற்றித் தெரிந்ததைவிடப் பிளாஸ்டிக்கைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும்.

புதுசுல நல்லா கறுப்பாதான் இருந்துச்சு. ஏன் இப்படிச் சாம்பலா போகுது?

வெயில்தான். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குச் சற்று மேல் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். மேகமில்லாத நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் கடைசிப் படி. மற்ற மாதங்களிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. குளிர்காலம் என்று சொல்லிப் பிளாஸ்டிக்குக்கு ஓய்வு கொடுக்கிற ஊரா இது?

பம்பர், கதவோரப் பட்டை, வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டு எல்லாம் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அடி தாங்குவதற்கு அதில் ரப்பர் கலப்பார்கள், விறைப்புக்கு டால்க் தூள் கலப்பார்கள். நாம் முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கிற அதே டால்க். வெயில் பட்டுப் பட்டு, மேல்தோலில் சங்கிலி சங்கிலியாக நீண்டிருக்கும் மூலக்கூறுகள் அறுந்துபோகின்றன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து தோல் பொடிகிறது, உள்ளே இருந்த தூளும் வெளியே வருகிறது. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போல ஒட்டுகிறதே, அது இதுதான்.

அப்போ சாயம் போயிடுச்சா அண்ணே?

போகவில்லை. இந்த நுணுக்கம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். பிளாஸ்டிக்கின் கறுப்பு, அதில் கலந்திருக்கும் கரிப்பொடியால் வருவது. கரி வெயிலுக்கு வெளுக்காது. பார்க்கப்போனால் வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பாற்றுவதே அந்தக் கரிதான். கறுப்பு அப்படியே உள்ளே இருக்கிறது. மேலே தோல் சொரசொரப்பாகி வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. வாசல் சிமெண்டில் தண்ணீர் தெளித்தால் கறுக்கிறது, காய்ந்ததும் வெளுக்கிறது, அதே கதை.

அதனால் யார் வந்து கேட்டாலும் முதலில் ஈரத்துணி சோதனைதான். நன்றாக நனைத்த துணியால் ஒரு துடை. ஈரமாக இருக்கும்போது கறுப்பாகத் தெரிந்தால் அந்தப் பிளாஸ்டிக் பிழைக்கும். கடையில் விற்கும் மருந்துகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் உலராத தண்ணீர்தான். எத்தனை நாள் உலராமல் நிற்கும் என்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

முதல்ல என்ன வாங்கணும்?

ஒன்றும் வாங்க வேண்டாம், முதலில் கழுவுங்கள். சாதாரணமாகக் காரைக் கழுவுகிற மாதிரி இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கொஞ்சம் தாராளமாகக் கலந்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அல்லது நகம் தேய்க்கும் பிரஷ்ஷால், அந்தத் தோல் போன்ற சொரசொரப்புக்குள் போய்த் தேய்க்க வேண்டும். நுரை சாம்பல் நிறமாக வரும். அலசிவிட்டு இன்னொரு முறை, நுரை வெள்ளையாக வரும்வரை. பாத்திரச் சோப்பு காரின் பெயிண்ட் மேல் இருக்கும் வாக்ஸையும் எடுத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காய்ந்த பிறகு மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒருமுறை துடைத்தால் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும். என் சாகாவுக்குச் செலவான மூன்று சனிக்கிழமையில் இரண்டு இதற்கே போனது. மருந்து போட்டது அரை நாள் வேலை. "நானும் அதே மருந்துதான் போட்டேன், ரெண்டு வாரத்துல போயிடுச்சு" என்று வருகிறவர்களிடம் நான் மருந்தைப் பற்றிக் கேட்பதே இல்லை, எப்படிக் கழுவினீர்கள் என்றுதான் கேட்பேன்.

கழுவியும் வெள்ளை வெள்ளையா கறை இருக்கே?

நனைத்தாலும் அந்த இடம் மட்டும் வெள்ளையாகவே நிற்கிறதா? அப்படியென்றால் அது பழைய வாக்ஸ். காருக்கு வாக்ஸ் போட்டவர் கை தவறிப் பிளாஸ்டிக்கிலும் இழுத்திருப்பார். சொரசொரப்புக்குள் போய்க் காய்ந்து உட்கார்ந்துவிட்டால் சோப்புக்கு அசையாது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், நன்றாகவே வேலை செய்யும். நிலக்கடலை வெண்ணெய் தடவித் தேய்க்கும் பழைய வித்தையும் பொய்யில்லை: அதிலுள்ள எண்ணெய் வாக்ஸை இளக்கும், கடலைத் துகள் மெல்லச் சுரண்டும். பிறகு சோப்பு போட்டுக் கழுவாவிட்டால் எறும்பு விருந்துக்கு வந்துவிடும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

தேங்காய் எண்ணெய் தடவினா போதும்னு அம்மா சொல்றாங்க. சரியா?

தடவினால் கறுக்கும், அம்மா சொல்வது பொய்யில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு? தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகும் எண்ணெய் அல்ல. நம் ஊர்ச் சூட்டில் எப்போதும் இளகியே இருந்து, தூசியெல்லாம் வாங்கிக்கொண்டு, அடுத்த மழையில் கோடு கோடாகப் பெயிண்டில் வடியும். கல்யாணத்துக்குப் போகிற அன்று காலையில் அவசரத்துக்குத் தடவிக்கொள்ளலாம். நானும் தடவியிருக்கிறேன்.

ஆளிவிதை எண்ணெய் வேறு ரகம். காற்றுப் பட்டால் அது இறுகிப் படலமாகும், அதனால் கொஞ்சம் அதிக நாள் நிற்கும். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்த எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். இது கட்டுக்கதை இல்லை, தச்சர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். துணியை விரித்து வெளியே காயப்போட்டு, விறைத்த பிறகுதான் எறிய வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்த வம்பே வேண்டாமென்று விட்டுவிடுவது நல்லது.

கறுப்பு எண்ணெய், டீசல், சப்பாத்து பாலிஷ்?

மூன்றையும் பார்த்திருக்கிறேன். கழித்த என்ஜின் எண்ணெயும் டீசலும் பிளாஸ்டிக்கைவிட அதற்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பருக்குத்தான் பெரிய கேடு. கதவோரம், கண்ணாடியோரம் இருக்கும் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுத்துப்போகும், பிறகு மழைநீர் உள்ளே கசியும். தின்னர் பக்கமே போகாதீர்கள். ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக்கை அது கரைத்தேவிடும். சப்பாத்து பாலிஷ் அழகாகத்தான் இருக்கும், சாய்ந்து நிற்பவரின் கால்சட்டையில் ஒட்டும்வரை.

கடையில பத்து வகை நிக்குது. எதை எடுக்குறது?

பத்தும் மூன்று குடும்பம்தான்.

முதலாவது, சிலிக்கான் எண்ணெய் உள்ள பளபளப்பு மருந்து. மலிவு, தெளித்துத் துடைத்தால் முடிந்தது. வெயிலில் நிற்கும் வண்டியில் சில வாரம், மழைமாதத்தில் அதிலும் குறைவு. மாதம் ஒருமுறை பொறுமையாகப் போடுகிறவருக்கு இதிலே குறை ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் இதைத் தொடாதீர்கள். சிலிக்கான் தங்கிய இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் குழி குழியாகும். ஸ்ப்ரே கடைக்காரர்கள் அதை மீன்கண் என்பார்கள்.

இரண்டாவது, கறுப்புச் சாயம் கலந்த மருந்து. சின்னப் பாட்டிலாக வரும், விலை கூடுதலாகத் தெரியும், ஆனால் ஒரு பம்பருக்குச் சில துளிதான் செலவாகும். பல மாதம் நிற்கும். மூன்றாவது, செராமிக் பூச்சு. இது காய்ந்து கண்ணாடி போல் இறுகி, தோலின் வெடிப்புகளை அடைத்துக்கொள்ளும். ஒழுங்காகப் போட்டால் ஓர் ஆண்டுக்கு மேல் போகும். தவறாகப் போட்டாலும் அத்தனை நாள் போகும், அதுதான் சங்கடம். வெறும் சாம்பல் என்றால் நேராக மூன்றாவது. தோல் மிகவும் பொடிந்து திட்டுத் திட்டாக இருந்தால் இரண்டாவது. என் சாகாவுக்கு இரண்டாவதைத்தான் போட்டேன்.

டயருக்குப் போடுற கறுப்பு மருந்தையே பம்பருக்கும் போட்டா?

போடலாம், மேலே சொன்ன முதல் குடும்பத்துக்கு அது அண்ணன் தம்பி. ஆனால் அதில் பல பெட்ரோலியக் கரைப்பான் கலந்தவை, ரப்பருக்கு ஆகாது. பாட்டிலில் நீர் கலந்தது என்று இருந்தால் பரவாயில்லை. எதுவாக இருந்தாலும் ஸ்டீயரிங், பிரேக் மிதி பக்கம் போக வேண்டாம். வழுக்கும்.

மழைக்காலத்துல எப்ப போடுறது? சாயங்காலமானா கொட்டுதே.

காலை ஏழு ஏழரைக்கு, நிழலில். பிளாஸ்டிக் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சுட்ட பிளாஸ்டிக்கில் போட்டால் மருந்து பரவுவதற்கு முன்பே காய்ந்து திட்டு விழும். சாய மருந்துக்கும் செராமிக்குக்கும் ஒரு முழு நாள் தண்ணீர் படக்கூடாது. கூரை இல்லாதவர்கள், மழை இருக்காது என்று வானத்தை நம்புவதைவிட, கூரை இருக்கும் உறவுக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி நிறுத்திவிடுவது மேல்.

முதலில் பெயிண்ட் ஓரங்களில் காகித டேப் ஒட்டுங்கள், கையுறை போடுங்கள். ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து, ஒரு முழ நீளத்துக்கு மேல் ஒரே நேரத்தில் போகாமல் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடத்தில் காய்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மிச்சத்தை விட்டுவைத்தால் கூடக் கறுக்கும் என்று நினைப்பவர்களுக்குத்தான் அடுத்த கேள்வி.

போட்டேன் அண்ணே, கோடு கோடா வந்துருச்சு. என்ன செய்ய?

சிலிக்கான் என்றால் சோப்பும் பிரஷ்ஷும் போதும், கழுவிவிட்டு மறுபடி போடலாம். சாய மருந்து என்றால் அதே மருந்தை இன்னும் கொஞ்சம் அந்தக் கோட்டின் மேல் தேய்த்தால் பழையது இளகும். உடனே துடைத்துச் சமப்படுத்துங்கள். செராமிக் இறுகிவிட்டால் சுலபத்தில் வராது. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டால் ஆல்கஹால் காப்பாற்றலாம். அதன் பிறகு அதைச் சுரண்டியெடுப்பதைவிட, அடுத்த பூச்சு நாள்வரை அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பது சுலபம்.

வீடியோவுல சூட்டுத் துப்பாக்கி காட்டினா ஒரே நிமிஷத்துல கறுக்குதே!

கறுக்கிறது, உண்மை. உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வருகிறது என்று சொல்வார்கள். நான் வேலையில் தினமும் பார்ப்பதை வைத்துச் சொன்னால், பொடிந்த மேல்தோல் லேசாக உருகி வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன, அவ்வளவுதான். பாலிப்ரொப்பிலீன் 160 பாகை செல்சியஸ் வாக்கில் உருகும். ஏபிஎஸ் அதற்கு முன்பே, 100-ஐத் தாண்டியதும் இளகத் தொடங்கும். சூட்டுத் துப்பாக்கியோ 500 பாகைக்கும் போகும். கை ஒரு நொடி நின்றால் போதும்.

எனக்கே நடந்தது. சாகாவின் கதவோரப் பட்டையில் சோதித்துப் பார்க்கலாம் என்று போனேன். போன் அடித்தது, திரும்பிப் பார்த்தேன், அந்த இடம் பளபளவென்று வழுவழுப்பாகி நடுவில் லேசாகக் குழிந்துவிட்டது. தோல் வேலைப்பாடு போனது போனதுதான். இன்னொன்று, வெயிலைத் தடுக்க ஆலையில் கலந்த பொருள் மேல்தோலில் ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும், சூடு அதைத் திரும்பக் கொண்டுவராது. அதனால் மேலே எதுவும் பூசாமல் விட்டால் சீக்கிரமே மறுபடி வெளுக்கும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் தோலும் தாங்காது. செய்தே தீருவேன் என்றால் ஏற்கெனவே உடைந்த துண்டில் பழகுங்கள், கழுவாத பிளாஸ்டிக்கில் காட்டாதீர்கள், அழுக்கும் சேர்ந்து வெந்துவிடும். லைட்டர், அடுப்புத் தீ எல்லாம் பேச்சே வேண்டாம்.

பைலாக்ஸ் ஸ்ப்ரே பெயிண்ட் ஒரு டின் வாங்கி அடிச்சா வேலை முடிஞ்சுதே?

அடித்த அன்று முடிந்த மாதிரிதான் இருக்கும். பாலிப்ரொப்பிலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது. மெழுகில் தண்ணீர் போலத்தான். ஐஸ்கிரீம் டப்பாவில் ஒட்டிய டேப் எவ்வளவு லேசாக உரிந்து வருகிறது பாருங்கள், அதுவும் பெரும்பாலும் இதே பிளாஸ்டிக்தான். பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிடிப்பு பிரைமரை முதலில் அடித்து, அதன் மேல் பளபளப்பில்லாத கறுப்பை மெல்லிய மெல்லிய படலமாக அடித்தால் நிற்கும். பிரைமர் இல்லாமல் அடித்தால் பிரஷர் தண்ணீரில் தோல் தோலாக உரியும்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடிந்தால், புதிய வண்டிகளில் பிளாஸ்டிக்கின் வகையை அச்சிலேயே பதித்திருப்பார்கள். பிபி என்று தொடங்கினால் நான் மேலே சொன்ன வகை. கூட டி20 என்று இருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் என்று அர்த்தம். ஏபிஎஸ் என்று இருந்தால் பெயிண்ட் நன்றாகவே பிடிக்கும். என் சாகாவில் எதுவும் எழுதியிருக்கவில்லை, பழைய வண்டிகளில் அப்படித்தான். கறுப்பைக் கறுப்பாகவே அடிப்பதால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் நிற மாற்றம் எழுதத் தேவையில்லை, அதையும் இருவர் கேட்டார்கள்.

மணல்தாள் போட்டு அந்தச் செத்த தோலை எடுத்துட்டா?

எடுக்கலாம், கூடவே தோல் வேலைப்பாடும் போகும். இந்தப் பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் வழுவழுப்பாகாது, பஞ்சு பஞ்சாக நூல் கிளம்பும். பெயிண்ட் அடிக்கப் போகிறவர் லேசாகத் தேய்க்கலாம். மற்றவர்கள் வேண்டாம்.

இதே மருந்து மஞ்சளான ஹெட்லைட்டுக்கும் ஆகுமா?

ஆகாது. அது பாலிகார்பனேட், கதையே வேறு. அங்கே மேலே இருக்கும் பூச்சைத் தேய்த்து எடுத்து, மெருகேற்றி, புதுப் பூச்சு போட வேண்டும்.

இவ்வளவு கஷ்டப்படுறதுக்குப் புதுசே வாங்கிடலாமே?

சில நேரம் அதுதான் சரி. கஞ்சில், பழைய மைவி போன்ற வண்டிகளுக்கு வைப்பர் தட்டு, கதவோரப் பட்டை எல்லாம் உதிரிபாகக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. வெடித்து விளிம்பு உடைந்த வைப்பர் தட்டை மருந்து காப்பாற்றாது, மாற்றுங்கள். பழைய வண்டிகளை அறுத்து உதிரிபாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில் பழையதை எடுப்பதென்றால் ஈரத்துணியோடு போங்கள். அங்கே அடுக்கியிருப்பதும் வெயிலில் நின்றதுதான்.

கார் அழகுபடுத்தும் கடையில் கொடுக்கிறவர்கள் ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்தக் குடும்பத்து மருந்து, போடுவதற்கு முன் எப்படிக் கழுவுவீர்கள்? "கழுவறதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் பாஸ்" என்று மட்டும் பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்படி ஒரு கடையில் செராமிக் விலை கொடுத்து, மூன்றாவது வாரம் மழையில் வெள்ளைக் கோடாக வடிந்ததைப் பார்த்த அண்ணன் ஒருவர் எங்கள் மாடியிலேயே இருக்கிறார்.

பழைய காடி வாங்கப் போறேன். கறுப்பா பளபளன்னு இருக்கு, நம்பலாமா?

பிளாஸ்டிக் மட்டும் பளபளத்தால் அது நேற்றுப் போட்ட சிலிக்கானாக இருக்கலாம். வெள்ளைக் காகித டிஷ்யூவால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். எண்ணெயாக வந்தால் அவசர அலங்காரம். பிறகு பம்பரின் அடிப்பக்கம், மழைநீர் படாத மடிப்பு, வைப்பர் தட்டின் மூலை ஆகியவற்றைப் பாருங்கள். அவசரத்தில் போட்டவர் அங்கே போயிருக்க மாட்டார். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒப்பிடுங்கள்: ஒரு பக்கம் மட்டும் அதிகம் வெளுத்திருந்தால், வண்டி பல வருடம் ஒரே இடத்தில், அந்தப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டி நின்றிருக்கிறது. அந்தப் பக்கத்துக் கதவு ரப்பரையும் அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.

அதற்காக வண்டியை வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. விலை பேசும்போது பயன்படும்.

உங்க சாகா இப்ப எப்படி இருக்கு?

சாய மருந்து போட்டு ஒன்பது மாதமாகிறது. முன்பம்பரின் மேல்விளிம்பு லேசாகச் சாம்பல் தட்டத் தொடங்கியிருக்கிறது, மற்ற இடம் கறுப்பாகவே நிற்கிறது. வரும் மார்ச்சில், சூரியன் உச்சிக்கு வருவதற்குள், இன்னொரு தடவை போடுவேன். நிழலில் நிறுத்துங்கள் என்று சொல்கிறவர்களுக்கு: எங்கள் இடத்தில் ஒரே ஒரு அங்சானா மரம், அதன் கீழே நிறுத்த விடியற்காலை ஐந்து மணிக்கே போட்டி. கிடைத்தாலும் பூ உதிர்ந்து வண்டி மஞ்சளாகிவிடும்.

பின்பம்பரின் இடது மூலையில் ஒரு விரல் அகலம் மட்டும் மருந்து போடாமல் விட்டுவைத்திருக்கிறேன். நம்பாமல் வருகிறவர்களிடம் ஈரத்துணியைக் கொடுத்து, அங்கே துடைத்துப் பார்க்கச் சொல்வேன்.